முந்தானையில் முடிந்த டோக்கன்

அன்புள்ள கஸ்தூரி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முழங்காலுக்கு நீ எழுதிய பயிற்சியைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். படி இறங்கும்போது மட்டும் இன்னும் பிடிக்கிறது. மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம்.

மகளுக்குப் பதவி உயர்வு என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. அடுத்த பத்திதான் தூங்கவிடவில்லை. வேலையெல்லாம் சரி, கொஞ்சம் தன்மையாகப் பேசப் பழகுங்கள் என்றாராமே அவளுடைய மேலதிகாரி? அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் மேசையைத் தட்டிப் பேசுவார், அவரைக் கறாரான ஆள் என்று எல்லாரும் மெச்சினார்கள் என்று நீயேதான் போன வருஷம் எழுதினாய். இவளிடம் மட்டும் தன்மை கேட்கிறார்கள். படித்ததிலிருந்து ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் வேலை பார்த்த வருஷங்கள் கண்முன்னே வந்துகொண்டே இருக்கின்றன.

ஊராட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. அதற்குமுன் மூன்றில் ஒரு பங்குதான். அந்தச் சட்டப்படி 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, ஜனவரியில் புதுத் தலைவர்கள் வந்தார்கள். முதல் கூட்டத்தில் பதிவேட்டைக் கொடுத்து போன் நம்பர் எழுதச் சொன்னோம். பெண் தலைவர்களில் பாதிப் பேருக்குமேல் வீட்டுக்காரர் நம்பரைத்தான் எழுதினார்கள். ஒரு அம்மாவுக்குப் போட்ட நாற்காலியில் அவர் கணவரே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா கதவோரம், கையில் மஞ்சள் பையோடு நின்றார். நான் போய், "அண்ணே, இது தலைவர் நாற்காலி" என்றேன். "நான்தாம்மா தலைவர் வீட்டுக்காரர்" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அதில் ஒரு தப்பு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அந்த அறையில் இருந்த யாருக்குமே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. வடக்கே இப்படிப்பட்ட கணவர்களுக்கு 'சர்பஞ்ச் பதி', அதாவது தலைவரின் புருஷன், என்று பெயரே உண்டு.

நாற்காலியாவது கண்ணுக்குத் தெரியும். பணத்தில் நடப்பது தெரியாது. நம் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊரில் செல்வாக்கான ஆள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் பத்து நாள் கையெழுத்துப் போடாமல் இழுத்தால் போதும்: மோட்டார் ரிப்பேர் நிற்கும், தெருவிளக்கு எரியாது, குடத்தோடு வரும் ஜனம் தலைவர் வீட்டு வாசலில்தான் சத்தம் போடும். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பும்.

தலைவர் பட்டியல் இனப் பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் 2020 அக்டோபரில் வெளியானது உனக்கு ஞாபகம் இருக்கும். அதே வருஷம் சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவிய பிறகுதான் ஆட்சியர் முன்னிலையில் அவர் ஏற்றினார். சட்டம் கொடுத்த பதவியைக் கண்ணெதிரே பிடுங்கிக்கொண்டார்கள், கஸ்தூரி. அந்தத் தெற்குத் திட்டைப் படத்தை இன்றுவரை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அந்த மஞ்சள் பை அம்மாவின் கதை வேறு மாதிரி போயிற்று. அவர் பன்னிரண்டு வருஷம் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தவர். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்களைப் பற்றி நமக்குள் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம்! பெண் மானத்துக்குப் பயந்தவள், கடனைக் கட்டிவிடுவாள் என்றுதான் வங்கிகள் நம்பின என்பாய். உண்மைதான், அந்தக் கணக்கின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் தீர்மானப் புத்தகம் எழுதவும், மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசவும், பத்துப் பேர் நடுவில் கணக்கு ஒப்பிக்கவும் அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இப்போது பணப் பட்டுவாடாவுக்குப் பேனா போதாது, டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன். அவருடையது ஊராட்சிச் செயலர் பையில் கிடந்தது, பாஸ்வேர்டு வீட்டுக்காரரிடம். அடுத்த வருஷம் கிராம சபையில், போடாத குழாய்க்குப் பில் போயிருக்கிறதே என்று குழுப் பெண்கள் கேட்டார்கள். வீட்டுக்காரர் பதில் சொல்ல எழுந்தார். "நீங்க உக்காருங்கண்ணே, தலைவர் சொல்லட்டும்" என்றார்கள். அந்த அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கையெழுத்து அவருடையது, பில்லை அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை தனியாக பஸ் ஏறி என்னிடம் வந்தார். பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொன்னார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, செயலரிடமிருந்து வாங்கிவந்த டோக்கனை மேசைமேல் வைத்தார். வேலை முடிந்ததும் திரும்ப முடிந்துகொண்டு, பதிவேட்டில் பழைய நம்பரை அடித்துத் தன் நம்பரை எழுதினார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு வாயாடி என்று பெயர். வீட்டிலும் பல மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அதை நினைத்து என் முன்னால் அழுதும் இருக்கிறார். ஆனாலும் பில்லைப் படிக்காமல் ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போடவில்லை.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. இப்போது ஆடு வளர்க்கிறார். தண்ணீர் வரவில்லை என்றால் இன்னும் அவருக்குத்தான் போன் அடிக்கிறார்களாம். அடுத்து பொதுத் தொகுதியாக இருந்தாலும் நிற்பேன் என்கிறார்.

தை மாதம் மகள் வந்தால் ஒரு நாள் என்னோடு அனுப்பு, அவர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு பஸ்தான், முந்தின ராத்திரியே இங்கே வந்து தங்கட்டும்.

அன்புடன்,
சாந்தி