முதலில் பாடியவர்கள் ஃபைவ் ராயல்ஸ்

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், 'திங்க்' பாடல் ஜேம்ஸ் பிரவுனுடையது என்றும், 'டெடிகேட்டட் டு த ஒன் ஐ லவ்' ஷிரல்ஸ் குழுவுடையது என்றும் உள்ளது. இரண்டையும் 1957இலேயே பாடிப் பதிவு செய்தது ஃபைவ் ராயல்ஸ் குழு. 'திங்க்' அக்குழுவின் கிதார் கலைஞர் லோமன் பாலிங் எழுதியது. மற்றதில் அவருடன் தயாரிப்பாளர் ரால்ஃப் பாஸ் பெயரும் உண்டு.

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் ஊர்க்காரர்கள் இவர்கள். முதலில் ராயல் சன்ஸ் என்ற பெயரில் காஸ்பல் எனும் கிறிஸ்தவ பக்திப் பாடல்களைப் பாடினார்கள். பிறகு நியூயார்க்கின் அப்பல்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்காக, சோல் இசைக்கு முன்னோடியான ரிதம் அண்ட் புளூஸ் பக்கம் வந்து, 1953 என்ற ஒரே ஆண்டில் இரண்டு பாடல்களை அந்த இசைக்கான வெற்றிப் பட்டியலின் முதலிடத்தில் வைத்தார்கள்: 'பேபி டோன்ட் டூ இட்', 'ஹெல்ப் மீ சம்படி'.

1954இல் சின்சினாட்டியின் கிங் நிறுவனத்துக்கு மாறினார்கள். அதன் துணை லேபிளில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ராயல்ஸ் என்ற குழு ஏற்கெனவே இருந்தது. குழப்பம் வராமல் இருக்க அந்த டெட்ராய்ட் குழுவுக்கு மிட்நைட்டர்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அந்த மிட்நைட்டர்ஸ் அதே ஆண்டில் வெற்றி மேல் வெற்றி கண்டது. ஃபைவ் ராயல்ஸோ 1957 வரை பட்டியல் பக்கமே வரவில்லை.

ஆனால் குழுவின் தனித்தன்மை தெளிவாகத் தெரிவது 1957 பதிவுகளில்தான். அப்பல்லோ காலத்தில் குரலுக்கு இடையிடையே வாசித்தது பெரும்பாலும் சாக்ஸபோன். 'திங்க்'கில் அந்த இடத்தைக் கிதார் எடுத்துக்கொள்கிறது. முன்னணிப் பாடகர் ஜானி டேனர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குமுன், வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதுபோல பாலிங் நாலைந்து சுரங்களில் பதில் சொல்லிவிடுவார். குரல் திரும்பியதும் கிதார் ஒதுங்கிக்கொள்ளும். 1960இல் ஜேம்ஸ் பிரவுன் இதே பாடலின் வேகத்தைக் கூட்டி, கிதாரின் வேலையை ஊதுகருவிகளிடம் கொடுத்தார். அதுவும் அருமையான பதிவுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

பாலிங் நீளமான வாரில் கிதாரை முழங்கால்வரை தொங்கவிட்டு வாசிப்பவர். மெம்பிஸின் சோல் கிதார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர் தமக்கு முன்னோடி என்று சொன்னது இவரைத்தான். 2011இல் கிராப்பர் இக்குழுவின் பாடல்களை மட்டுமே வைத்து ஒரு முழு ஆல்பமும் வெளியிட்டார்.

குழுவின் இன்னொரு பாடகர் யூஜின் டேனர் பாடிய 'டெடிகேட்டட்' மூலப்பதிவு வெளிவந்தபோது கவனிக்கப்படவில்லை. 1961இல் ஷிரல்ஸ் பதிவு பாப் பட்டியலில் 3ஆம் இடம் பிடித்தது. கிங் நிறுவனம் மூலப்பதிவை மீண்டும் வெளியிட்டும் அது 81ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 1967இல் மாமாஸ் அண்ட் த பாப்பாஸ் அதே பாடலை 2ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாலிங் 1973இல் புரூக்ளினில் இறந்தார். இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், ஃபைவ் ராயல்ஸைச் சேர்த்துக்கொண்டது 2015இல்.

கேட்க விரும்புவோர் இணையத்தில் குழுவின் பெயரை '5' என்ற எண்ணாகவும் எழுத்தாகவும் தேட வேண்டும். எண்ணை விட்டுவிட்டால் டெட்ராய்ட் குழுவின் பாடல்கள் வந்து நிற்கும். இனி இத்தகைய கட்டுரைகளில் பாடலை எழுதியவர் பெயரையும் முதல் பதிவின் ஆண்டையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டு ஆர்வலர்கள் சிலர்