அத்தைக்கு மனு போட்டாயிற்று

முக்கூடல்,
புதன்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறாய், நல்லது. பம்பாயில் விற்பதைத் திருநெல்வேலி அல்வா என்று நம்பித் தின்னாமல் இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவ ஆரம்பித்துவிட்டார்கள்.

உன் அத்தைக்கு முதியோர் உதவித்தொகை மனு போட்டாயிற்று. யாரையாவது பிடிக்க வேண்டுமா, எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் அனுப்பாதே. முடித்துத் தருகிறேன் என்று ஒருவன் 3,000 ரூபாய் கேட்டு வாசலில் வந்து நின்றான், விரட்டிவிட்டேன். இ-சேவை மையத்தில் சொற்பக் கட்டணம்தான். மனு அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து, கடைசியில் தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போய் நிற்கும்.

விரல் ரேகைதான் படுத்திவிட்டது. ஐம்பது வருடம் பீடி சுற்றிய கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி போல வழவழவென்று இருக்கின்றன. மையத்துப் பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். எந்திரம் சிவப்பு விளக்கையே காட்டியது. பிறகு கண்ணைப் படம் பிடித்துத்தான் காரியம் முடிந்தது. இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு இதே கதைதான்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார், சின்னப் பெண். அத்தை திண்ணையில் இருந்தாள்; மடியில் முறம், அதில் சுற்றி முடிக்காத பீடி. "பாட்டி, மகன் இருக்கிறாரா? பணம் ஏதாவது அனுப்புகிறாரா?" என்று அந்தப் பெண் கேட்டார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "என் பிள்ளை என்னை ராசாத்தி மாதிரி வைத்திருக்கிறான்" என்றாள்! எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண் ஒழுகுகிற ஓட்டுக்கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் மறுபடி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். நல்ல பிள்ளை.

உன் அத்தை மகன் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும்போது கொடுப்பதோடு சரி. அது ஊருக்கே தெரியும். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் பிள்ளையின் பேர் கெடக் கூடாதாம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் பங்குக்கு, பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2007ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, சேரன்மகாதேவி வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தால் மகனை மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம் என்றார். சட்டம் உண்மைதான். அன்றிலிருந்து அத்தை அவரோடு பேசுவதில்லை.

மகன் பணம் அனுப்புகிறானா என்பது கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆள்துணை இல்லாதவர்களுக்கு முதலில் போக வேண்டிய பணம். ஆனால் பெற்றவளைப் பார்த்து இதைக் கேட்டால் எந்தப் பதில் வரும் என்று விதி எழுதினவர்கள் யோசிக்கவில்லை. "அவன் பனியன் கம்பெனிச் சம்பளம் அவன் வீட்டு வாடகைக்கே பத்தவில்லை என்று சொல்லுங்கள், அது பொய்யில்லையே" என்று அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். அந்த அலுவலர் இரண்டாம் முறை வந்தபோது அத்தை அதையே சொன்னாள். "அவனே திண்டாடுகிறான், நான் எப்படிக் கேட்பேன்?" அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் தபால்காரனாக இருந்த காலத்தில் இந்த உதவித்தொகையை மணியார்டராக வீடு வீடாகக் கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது, 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. பெரிய தொகையில்லை. ஆனால் மாத்திரைக்கும் பாலுக்கும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை வேறு.

இழுத்தடித்தால் திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்க் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிடலாம். 2017இல் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே அங்கே தீக்குளித்ததே, அதற்குப் பிறகு வாசலில் தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அத்தையை அங்கே அழைத்துப் போக எனக்கு மனமில்லை, நான் மட்டும் போவேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அத்தையின் பேர் இன்னும் மகனுடைய ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. அந்தக் கார்டில் மருமகள் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வாங்குகிறாள். கிழவி உதவித்தொகை வாங்கினால் அது நின்றுபோகும் என்று யாரோ சொல்லி, அவன் எனக்குப் போன் செய்து குதித்தான். முதலில் அப்படி ஒரு விதி இருந்தது, 2023இலேயே தளர்த்திவிட்டார்கள். வீட்டில் முதியவர் உதவித்தொகை வாங்கினாலும் தகுதியுள்ள வேறொரு பெண் உரிமைத் தொகை வாங்கலாம். நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான், நீ சொன்னால் கேட்பான். கார்டைத் தனியாகப் பிரித்துக்கொண்டால், வயதானவர்கள் மட்டும் உள்ள கார்டுகளுக்கு அரிசியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தாயுமானவர் திட்டமும் கிடைக்கும். அத்தை அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை, கார்டைப் பிரித்தால் குடும்பம் பிரிந்த மாதிரி என்கிறாள். அதை இப்போதைக்குக் கிளற வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. காலையிலேயே கூப்பிட்டுப் பேசு. கோபமாகப் பேசாதே, அவனும் தறிகெட்டவன் இல்லை. என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்