கடனா, கடை விரிப்பா?

அன்புள்ள மாதவா,

பதில் தாமதம்தான், திட்டாதே. உன்னுடைய பழைய மௌனங்களுக்கு முன்னால் இது தூசு. எல்லோரும் நலம்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தரும் பருவநிலை நிதியாக 2022-ல் 11,590 கோடி டாலர் போயிருக்கிறதே, இன்னும் என்ன அழுகை என்று ராகவன் கேட்டானாம். மொத்தத்தைப் பார்த்து மயங்குவது அவனுக்குப் புதிதா? அதில் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்த பங்கில் ஏறக்குறைய 70 சதவீதம் கடன். சில கடன்களில் 'எங்களிடம்தான் வாங்கவேண்டும்' என்ற நிபந்தனையும் உண்டு. ஜப்பானின் 'ஸ்டெப்' கடனையே பார்: தலைமை ஒப்பந்தக்காரர் ஜப்பான் கம்பெனி, பொருளிலும் சேவையிலும் குறைந்தது 30 சதவீதம் அங்கிருந்தே வரவேண்டும். வட்டி சொற்பம், தவணை நீளம். பார்த்தால் தர்மம் மாதிரியே இருக்கும்.

கணக்கைப் போடு. வட்டிக் குறைவும் நீளத் தவணையும் சேர்ந்து 100 ரூபாய்க் கடனில் 35 ரூபாய் சலுகை என்று வை. இன்றைய மதிப்பில் நீ திருப்புவது 65. அதே இயந்திரம் திறந்த டெண்டரில் 80-க்குக் கிடைக்குமென்றால் உனக்கு மிஞ்சும் லாபம் 15 மட்டுமே. பாக்கி 20 விற்றவன் பைக்குள். இப்படிக் கட்டிப்போட்டால் விலை 15 முதல் 30 சதவீதம் ஏறும் என்று பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியே வெகுகாலமாகச் சொல்லிவருகிறது.

நிபந்தனையை எடுத்துவிட்டாலும் சூட்சுமம் போகாது. திட்டம் தேறுமா என்று பார்க்கும் சாத்திய ஆய்வைச் செய்பவர் பல நேரம் கடன் தரும் நாட்டு ஆலோசகர். டர்பைனின் அளவு, கட்டுப்பாட்டு மென்பொருள், முன் அனுபவத் தகுதி என்று அவர் எழுதிவைப்பது ஒரே கம்பெனிக்குத் தைத்த சட்டையாக இருக்கும். டெண்டர் திறந்துதான் இருக்கும்; உள்ளே நுழைய ஆள் இருக்காது. பிறகு உதிரிபாகமும் அவர்களிடமே, அவர்கள் நாணயத்திலேயே.

வங்கதேசத்து மாதார்பாரியில் 1,200 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்குத் தந்த கடனைக்கூட ஜப்பான் பருவநிலைக் கணக்கில் ஏற்றியது. பழைய தொழில்நுட்பத்தைவிடப் புகை குறைவு என்பது சமாதானம். பாய்லரும் டர்பைனும் யாருடையவை என்று நான் சொல்லவேண்டுமா?

எனக்கு எரிச்சல் இதில்கூட இல்லை. கரை உயர்த்துவது, அலையாத்தி நடுவது, புயல் எச்சரிக்கைக்கு ஆள் பழக்குவது: இவற்றில் ஏற்றுமதிக்குச் சரக்கு அதிகம் இல்லை. இப்படிப் பாதிப்பைத் தாங்கத் தயார்படுத்தும் தகவமைப்பு வேலைகளுக்கு அதே 2022-ல் கிடைத்தது 3,240 கோடி டாலர்தான். விற்க எதுவும் இல்லாத இடத்தில் உயிர்தான் போகிறது.

வியாபார ஆதாயம் இல்லாவிட்டால் கடன் தரும் நாடுகளின் நாடாளுமன்றங்கள் இவ்வளவாவது ஒதுக்குமா என்று நீ மடக்குவாய். ஒதுக்காது என்றே நினைக்கிறேன். அதனால் விலை சரியாகிவிடுமா?

உன்னிடம் உள்ள கடன் ஒப்பந்தத்தில் கொள்முதல் இணைப்பை மட்டும் நகலெடுத்து அனுப்பு. எந்த நாட்டுப் பொருள் எத்தனை சதவீதம், பராமரிப்பு எத்தனை வருஷம், எந்த நாணயத்தில் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்