வேண்டாம் என்று மறித்தவர்களுக்கு

கொக்கட்டிச்சோலை ஊரவர்களுக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் இருந்து எங்களுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

அம்மப்பாவின் நெல்லு ஸ்டோர் வீடாகிவிட்டது. இந்த ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். வந்தவர்கள் வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டுப் போனீர்கள். அந்தச் சனத்துக்குள் ஒருவரோடும் ஆறுதலாகக் கதைக்கக் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மா இருந்த வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனது. எனக்கு வந்தது வளவும், வளவுக்குள் பூட்டிக் கிடந்த ஸ்டோரும். அம்மப்பா போடியாராக, பெரிய வயற்காரராக, இருந்த காலத்தில் களவெட்டியில் சூடு மிதித்த நெல் வண்டி வண்டியாக வந்து அதற்குள்தான் ஏறும். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பதினான்கு அங்குலச் சுவர், நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில் பலகைத் தளம், ஒரே ஒரு பெரிய கதவு, கூரைக்குக் கீழே காற்றுப் போக வரிசையாகத் துவாரங்கள். ஜன்னல் கிடையாது, நெல்லுக்கு எதற்கு ஜன்னல்? 1978 கார்த்திகைச் சூறாவளி ஓட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போக, பிறகு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டார்கள்.

கொந்தராத்துக்குக் கொடுக்கிற அளவுக்குக் கையில் காசில்லை. கொடுத்துப் பார்த்த ஒருவரும் முற்பணத்தை வாங்கிக்கொண்டு கொஞ்ச நாளில் போன் எடுப்பதை விட்டுவிட்டார். "நாமளே செய்வம்" என்றார் இவர், என் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற மனிசன், சாந்தகப்பை பிடித்தறியாதவர். நான் தையல்காரி. அளவெடுப்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

கல் தூக்கியவர்கள், சாந்து குழைத்தவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள் எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் முதல் நன்றி, எங்களை மறித்து "செய்யப்படா" என்று சொன்னவர்களுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினால் அவசரத்தில் ஒருவரையொருவர் ஏற்றிவிடுவோமே தவிர இழுத்துப் பிடிக்க மாட்டோம். இழுத்துப் பிடித்தது நீங்கள்.

"இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டு புள்ள" என்று வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது புத்திமதி இல்லை, பொழுதுபோக்கு.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா மலகூடக் குழிக்கு இடம் பார்க்கத்தான் வந்தார். கிணற்றிலிருந்து 50 அடி அளந்து, ஆற்றோரத்து மண், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், குழியை மண்மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள் என்று சொல்லி முடித்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். அதை எப்படி இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளுவதாக இருந்தோம். அங்கேயே நிறுத்தினார். உடைத்தால் பறக்கும் தூசுக்குள் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது, அது நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது, வருத்தம் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும் என்று விளங்கப்படுத்தினார். அவர் சொன்னபடி சீற்றைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, கொக்கி ஆணிகளைக் கழற்றி, முழுச் சீற்றாகவே ஒவ்வொன்றாய் இறக்கினோம். கோழிக்கூட்டுக்கு இரண்டு தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதில் கொஞ்சப் பேருக்கு இன்னும் கோபம். ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் தப்பினோம்.

தச்சு வேலை செய்கிற ஓடாவி மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் சொன்ன வேண்டாம்களை எழுதினாலே ஒரு கொப்பி நிரம்பும். களுவாஞ்சிகுடிப் பக்கம் உடைத்த வீடொன்றின் பழைய ஓடு மலிவாகக் கிடைத்தது, நல்ல சிவப்பு ஓடு. ஏற்றி வந்து அடுக்கியும் விட்டோம். மாமா ஏணியில் ஏறி மரங்களை விரல் மொழியால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். கூரையைத் தாங்குகிற குறுக்குமரமான தீராந்தி ஒன்றின் சுவருக்குள் போகிற தலையில் மட்டும் சத்தம் மாறியது. உளியால் மெல்லக் கிண்டினார். வெளியே வழுவழுப்பாக இருந்த மரத்துக்குள் கறையான் மண்தான் இருந்தது. "இது சீற்றுக்குப் போட்ட சட்டம். ஓடு அதைப்போல ரெண்டு மூணு மடங்கு பாரம், நனைஞ்சா இன்னும் கூடும். இதுக்கு மேல ஓட்ட ஏத்தாதீங்க" என்றார். சாய்வும் போதாது, அந்தச் சரிவில் ஓடு போட்டால் சோளகம் வாடை எது அடித்தாலும் தண்ணீர் உள்ளேதான் வரும் என்று முகட்டிலிருந்து நூல் பிடித்துக் காட்டினார்.

புதுத் தீராந்தியும் வளையும் பாலையில், கைமரமும் சலாகையும் முற்றிய தென்னையில் என்று முடிவானது. அந்த நேரம் பாதி விலைக்கு முதிரை தருகிறேன் என்று ஒருவர் இரவில் வந்து நின்றார். அனுமதிப் பத்திரம் இல்லாத மரம் வளவுக்குள் வரக்கூடாது என்று மாமா ஆளைப் படலையோடு அனுப்பிவிட்டார். மறுகா அவர் போட்ட கடைசி நிபந்தனை, புரட்டாதி பிறந்தால் கூரையில் கை வைக்கப்படா என்பது. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். திறந்த கூரையோடு மாட்டிக்கொண்டால் சுண்ணாம்புச் சுவர் கரையும். ஆகவே பழைய கூரையோடேயே ஒரு மாரி முழுக்கக் காத்திருந்தோம். பங்குனியில் இறக்கினோம்.

அது 2022 பங்குனி. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. மெசின் வாள், துளைக்கிற மெசின் எல்லாம் மூலையில் கிடந்தன. மாமாவும் மகனும் கைவாளால்தான் கைமரம் அறுத்தார்கள். கூலியை ஒரு சதம் கூட்டிக் கேட்கவில்லை. கூட்டிக் கொடுத்ததை வாங்கவுமில்லை. கடைசியில் மாமிக்குச் சேலையாகத்தான் கொடுக்க முடிந்தது.

ஆரையம்பதி மேசன் அண்ணன் பெற்றோல் இல்லாத அந்த மாதங்களில் மண்முனைப் பாலத்தால் சைக்கிளில் வந்தார், ஹாண்டிலில் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் தொங்கும். 2014 இல் பாலம் திறக்காமல் இருந்திருந்தால் ஆற்றைக் கடக்கிற படகுப் பாதைக்குக் காத்து நின்றே எங்கள் பாதி வேலை கெட்டிருக்கும். அவர் வந்த முதல் நாளே கரித் துண்டால் நான் சுவரில் கீறி வைத்திருந்த ஜன்னல்களைப் பார்த்துச் சிரித்தார். ஒன்று மூலையை ஒட்டி இருந்தது. "மூலைதான் தங்கச்சி சுவரப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதில இருந்து ரெண்டடியாவது விட்டுத்தான் வெட்டணும்." மற்ற நாலையும் ஒரே கிழமைக்குள் திறந்துவிடலாம் என்ற இவரின் திட்டமும் அன்றோடு போனது.

முதலில் லிண்டல், ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற கொங்கிறீற்றுத் துண்டு. சுவர்த் தடிப்புக்கு ஒன்று போதாது என்று ஜன்னலுக்கு இரண்டு, பக்கம் பக்கமாக வைக்க. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை, நாலு கம்பி. முற்றத்தில் பெட்டியடித்து வார்த்து, ஸ்டோருக்குள் மிஞ்சிக் கிடந்த நெல்லுச் சாக்குகளை நனைத்துப் போர்த்தினோம். சாக்குக் காயவிடாமல் காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. 28 நாள் போகாமல் தூக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். பிறகு ஜன்னல் வரப்போகிற இடத்துக்கு மேலே சுவரில் இரண்டு துளை. ஒவ்வொன்றுக்குள்ளும் தடித்த மரமொன்றைக் குறுக்கே செலுத்தி, உள்ளேயும் வெளியேயும் முட்டுக்கொடுத்து, முட்டின் அடியில் ஆப்பு. ஆப்பை அடிக்க அடிக்க முட்டு இறுகி மேல்சுவர்ப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அது இறுகின சத்தம் கேட்டபிறகுதான் உளி எடுத்தார். முதல் கல்லை இழுத்தபோது வெடிப்புகளுக்குள்ளிருந்து உமியும் பதரும் பொலபொலவென்று கொட்டியது. சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரித்தது. எத்தனை போகத்து நெல்லின் மிச்சமோ தெரியாது.

லிண்டல் ஒன்று 150 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கி வைத்த விளையாட்டுக் கழகப் பொடியன்மாருக்குத் தனி நன்றி. கரப்பந்து மைதானத்திலிருந்து அப்படியே வந்தீர்கள், சேறு பூசிய காலோடேயே திரும்பிப் போனீர்கள். இரண்டு பக்கமும் சுவரில் ஒன்பது அங்குலம் உட்கார வைத்து, சாந்து இறுகும் வரை முட்டைக் கழற்றாமல், ஒன்று முடிந்துதான் அடுத்தது. அதனால்தான் நாலு ஜன்னலுக்கு அவ்வளவு காலம் போனது. இன்றைக்கு வரை ஒரு மயிரிழை வெடிப்பும் இல்லை.

சுவரின் கீழ்ப்பாதியைச் சீமெந்தால் இறுக்கிப் பூசவும் அண்ணன் விடவில்லை. நிலத்து ஈரம் சுண்ணாம்புச் சுவருக்குள்ளால் ஏறி வெளியே காய்ந்துபோகும், சீமெந்து அதை அடைத்துவிட்டால் உள்ளே நின்று உப்புப் பூத்துப் பூச்சையே உரித்துத் தள்ளும் என்றார். சுண்ணாம்பு ஊறவைத்து, மணலோடு குழைத்துப் பூசினோம். பிரதேச சபை அனுமதிக்காகப் படம் கீறித் தந்தவரும் இதையே சொன்னார். அந்தக் கோப்பு ஒரு மேசையில் நெடுநாள் தூங்கியது. எந்த மேசை என்று எழுதப் போவதில்லை.

அம்மப்பாவிடம் வயலைப் பார்த்துச் செய்கிற முல்லைக்காரராக இருந்த பெரியவருக்கு இந்த மடலை யாராவது வாசித்துக் காட்டுங்கள், அவருக்குக் கண் தெரிவதில்லை. பாம்பு வரும் என்று பயந்து தளத்துக்குக் கீழே இருந்த திறப்புகளைக் கல் வைத்து அடைக்கப்போனபோது அவர்தான் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். 2011 தை வெள்ளம் அந்தத் திறப்புகளால்தான் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனதாம், உள்ளே ஒரு மூட்டைகூட நனையவில்லையாம். அடைத்துப்போட்டால் பலகையும் காற்றில்லாமல் உழுத்துப்போகும் என்றார். கம்பி வலை அடித்தோம். பாம்பும் வரவில்லை, காற்றும் நிற்கவில்லை. பலகைக்கு மேலே டைல்ஸ் பதிக்கிற என் ஆசையும் அன்றோடு முடிந்தது. பலகை நெளியும், டைல்ஸ் நெளியாதே.

காத்தான்குடி ஹாட்வெயார்க் காக்காவைப் போல ஒரு வியாபாரியை நான் கண்டதில்லை. விலை ஏறப்போகிறது, சேர்த்துச் சீமெந்து வாங்கி வைப்போம் என்று போனால், "வாங்காதீங்க தங்கச்சி, மூணு மாசம் தாண்டினாக் கட்டிபட்டுப் போகும்" என்று கைவசம் இருந்த காசோடு திருப்பி அனுப்பினார். ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்ற 50 கிலோப் பக்கற் 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டபோது இவர் காக்காவைப் பற்றி முணுமுணுத்தது உண்மை. வாங்கி அடுக்கிய வேறொரு வளவில் மாரிக்குப் பிறகு பக்கற் பக்கற்றாகக் கல்லுத்தான் இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டதைக் கொப்பியில் எழுதித் தந்தார், விலை இறங்கியபோது தானாகவே போன் எடுத்துச் சொன்னார். கடற்கரை மணலைக் கம்பியோடு சேர்க்கவே கூடாது, உப்புக் கம்பியைத் தின்றுவிடும் என்று ஆற்று மணல் ஒழுங்கு செய்து தந்ததும் அவர்தான். காக்கா, மிச்சக் கணக்குப் பெரும்போக வெட்டு முடிந்ததும் வரும்.

கட்டாரில் வெயிலுக்குள் நின்று உழைத்து ஓட்டுக்கும் பாலைக்கும் காசு அனுப்பிய தம்பிக்கு நன்றி சொன்னால் கோபிப்பான், அக்காமாருக்கு வீடு கட்டிக்கொடுப்பது அவனுக்குக் கடமையாம். கோபித்தாலும் பரவாயில்லை, நன்றி. பழைய ஓடுகளின் பாசியைத் தும்புத்தடியால் உரசிக் கழுவித் தந்த பெரியம்மாவுக்கும் அயலட்டைப் பெண்களுக்கும், வயரிங் செய்து, ட்ரிப் சுவிட்ச் போடாமல் விளக்கே எரிய விடமாட்டேன் என்று நின்ற மின்னியலாளர் தம்பிக்கும், எங்கள் பிள்ளைகளை வைத்துப் பார்த்த அக்காவுக்கும்.

மேற்கூரைக்குக் கீழே மரத்தட்டு இன்னும் அடிக்கவில்லை, படியும் இல்லை. அதற்கு மாமா வேண்டாம் சொல்லவில்லை, பொறு என்றிருக்கிறார்.

இனி ஒரு வேலை விஷயம். எங்களிடம் தங்கிப்போன சாமான்கள் கொஞ்சம் உண்டு: மட்டம் பார்க்கிற நீண்ட தண்ணீர்க் குழாய் ஒன்று, பிடியில் சிவப்புத் துணி சுற்றிய மண்வெட்டி, இரண்டு அலுமினியத் தாச்சி, ஒரு மூங்கில் ஏணி, மூடியில்லாத பெரிய சோற்றுப்பானை. யாருடையது என்று கேட்டுப் பார்த்துவிட்டோம், ஒருவரும் உரிமை கேட்கவில்லை. பின்னேரத்தில் எப்போதும் வீட்டில் ஆள் இருக்கும். வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஏணியை மட்டும் மரத்தட்டு அடித்து முடியும் வரை விட்டு வைத்தால் உதவியாக இருக்கும்.