முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர்: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் முழங்கால் வலிக்கான அக்குபஞ்சர் சிகிச்சை பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரைகளை விழுங்கி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு என்று எடுத்துச் சொன்னது வரவேற்கத்தக்கது. ஆனால், தேய்ந்த மூட்டு ஊசிகளால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அறுவைச் சிகிச்சைக்கே தேவை இருக்காது என்ற தொனியில் அந்தக் கட்டுரை எழுதப்பட்டிருந்தது. இந்தச் சிகிச்சையால் ஓரளவு பலன் கண்டவன் நான். அதனாலேயே அந்தத் தொனி எனக்கு உறுத்தலாக இருந்தது. அக்குபஞ்சர் வலியைக் குறைக்கக்கூடும். தேய்ந்துபோன குருத்தெலும்பை அது மீண்டும் வளர்ப்பதாக நம்பகமான சான்று எதுவும் இல்லை.

சிகிச்சை எப்படி இருக்கும் என்பதைக் கட்டுரை விவரிக்காததால், ஊசி என்றாலே அஞ்சுவோருக்காகச் சில வரிகள். காலை லேசாக மடக்கி, முழங்காலுக்கு அடியில் ஒரு சிறிய தலையணையை வைத்துப் படுக்கச் சொல்வார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இருபுறமும் விரலால் தடவினால் அகப்படும் இரண்டு பள்ளங்களிலும், அங்கிருந்து நான்கு விரற்கிடை கீழே முன்கால் எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக இருக்கும் ஒரு புள்ளியிலும், இன்னும் சில இடங்களிலும் ஊசிகள் செருகப்படும். அவை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ளவை. உள்ளே துளை கிடையாது, மருந்தும் செலுத்தப்படுவதில்லை. தோலைத் துளைக்கும்போது சுருக்கென்றிருக்கும். பிறகு ஊசியை மெல்லத் திருகும்போது ஒருவிதக் கனமும் மரப்பும் கணுக்கால் வரை இறங்குவதை உணரலாம். இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை அப்படியே விட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள்.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்ற கேள்வியை மிகப் பெரிய அளவில் ஆராய்ந்த நாடு ஜெர்மனி. அக்குபஞ்சருக்கான செலவை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்த அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டு அமைப்புகள் பெரிய ஆய்வுகளுக்கு நிதி வழங்கின. அவற்றுள் 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் மூட்டுத் தேய்மானத்தால் நாள்பட்ட முழங்கால் வலி கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு முறையான அக்குபஞ்சரும், இன்னொரு குழுவினருக்கு அக்குபஞ்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலிச் சிகிச்சையும் அளிக்கப்பட, மூன்றாம் குழுவினர் வழக்கமான மருத்துவத்தை மட்டும் பெற்றனர். இருபத்தாறு வாரங்களுக்குப் பின் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முதல் குழுவில் 53.1 சதவீதம், போலி ஊசி பெற்ற குழுவில் 51.0 சதவீதம், மூன்றாம் குழுவில் 29.1 சதவீதம்.

இந்த மூன்று எண்களில் ஆதரவாளர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் காட்டுவார்கள்; எதிர்ப்பவர்கள் முதல் இரண்டை மட்டும் காட்டுவார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது இதுதான்: ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது மெய், ஆனால் ஊசி எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இறங்க வேண்டும் என்று சிகிச்சையாளர்கள் காட்டும் கண்டிப்புக்கு இந்த ஆய்வில் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. ஊசி பட்டவுடன் உடலே சுரக்கும் எண்டார்பின் போன்ற வலியடக்கிகள், அரைமணி நேர ஓய்வு, ஒருவர் பொறுமையாகக் காலைத் தொட்டுப் பார்த்து விசாரிப்பது, குணமாகும் என்ற நம்பிக்கை ஆகிய யாவும் இதில் கலந்திருக்கலாம். எதனால் குறைந்தது என்ற விவாதம் முடியாமலேயே, 2007 முதல் நாள்பட்ட முழங்கால் வலிக்கும் கீழ்முதுகு வலிக்கும் அக்குபஞ்சர் செலவை ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொண்டது.

மருத்துவ உலகிலும் ஒருமித்த கருத்து இல்லை என்பதைக் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம். மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க வாதவியல் கல்லூரியின் வழிகாட்டுதல், முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபஞ்சரை நிபந்தனையுடன் பரிந்துரைக்கிறது. எந்தச் சிகிச்சையை அளிக்கலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்போ 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூட்டுத் தேய்மானத்துக்கு இதை அளிக்க வேண்டாம் என்கிறது. ஆபத்து குறைவு, சிலருக்காவது பலன் உண்டு என்று பார்ப்பவர்கள் ஒரு பக்கமும், போலி ஊசியை விஞ்சும் அளவு போதாது என்று பார்ப்பவர்கள் மறுபக்கமும் நிற்கிறார்கள். நோயாளியின் இடத்திலிருந்து பார்க்கும் நான் முதல் பக்கமே சாய்கிறேன். ஆயினும் நைஸ் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது.

அதைவிட முக்கியமானது, இந்த நிவாரணம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது. 2005இல் வெளியான மற்றொரு ஜெர்மன் ஆய்வில், எட்டு வாரச் சிகிச்சை முடிந்தபோது முறையான ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே தெளிவாகத் தெரிந்த வேறுபாடு, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2014இல் ஆஸ்திரேலியாவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்விலும், பன்னிரண்டு வாரங்களில் தென்பட்ட சிறிய முன்னேற்றம் ஓராண்டு வரை நீடிக்கவில்லை. ஆகவே, வலி தணிந்திருக்கும் அந்தச் சில மாதங்களை நாம் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் தொடையின் முன்பக்கத் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் வலு குறையும். வலி இன்னும் கூடும். அந்தத் தசைக்குப் பயிற்சி கொடுக்கத் தோதான நேரம் வலி குறைந்திருக்கும் நேரமே. எனக்குச் சிகிச்சை அளித்தவர் ஊசிகளை எடுத்ததும் எழுந்து போக விடமாட்டார். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்வார். சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்த வேண்டும், மீண்டும் அழுத்த வேண்டும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிந்ததற்கு ஊசிகளைவிட அந்தத் துண்டுக்கே நான் அதிகம் நன்றி சொல்வேன். உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை அச்சப்பட அதிகமில்லை. ஜெர்மனியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்ததில், ஏதேனும் ஒரு பக்கவிளைவைச் சொன்னவர்கள் 8.6 சதவீதம், அவற்றிலும் பெரும்பாலானவை சிறிதளவு ரத்தக் கசிவு, கன்றிப்போதல் போன்றவையே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியின் உறையை நம் கண்முன்னே பிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோரும், செயற்கை மூட்டு பொருத்தப்பட்டோரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறையைத் தவிர்க்க வேண்டும். முழங்கால் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சலும் சேர்ந்திருந்தாலோ, அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமே தவிர ஊசி மையத்துக்கு அல்ல.

நான் அஞ்சுவது ஊசிக்கு அல்ல, ஊசியோடு சேர்த்துச் சொல்லப்படும் வாக்குறுதிகளுக்குத்தான். முழங்கால் வலிக்காக வேறோர் இடத்துக்குச் சென்ற என் உறவினர் ஒருவரிடம், இனிமேல் சர்க்கரை மாத்திரையும் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்; அவரும் நிறுத்திவிட்டார். சர்க்கரை அளவு தாறுமாறாக ஏறிய பிறகே வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. மற்ற நோய்களுக்கான மருந்தை, எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரியாவது அந்தக் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

தங்கள் மருத்துவப் பகுதியில் அடுத்து முழங்கால் வலியைப் பற்றி எழுதும்போது, இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு தொடைத்தசைப் பயிற்சிகளைப் படங்களுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்