இரவு ரயிலில் நம் பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்களின் கல்விச் சுற்றுலாவுக்கு இரவு ரயிலில் படுக்கைகள் பதிவாகிவிட்டன. பயணத் திட்டத்தையும் எடுத்துவர வேண்டிய பொருள்களின் பட்டியலையும் பிள்ளைகளிடம் முன்பே கொடுத்துவிட்டோம். இந்தக் கடிதம் ரயிலில் கழியப்போகும் அந்த ஓர் இரவைப் பற்றியது. நம் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இதுவரை ரயிலில் உறங்கியதில்லை என்று வகுப்பாசிரியர் சொன்னார். என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதியாகக் குறையும். ஆகவே இதைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் தூக்கம். வீட்டில் தூங்குவதுபோல் அன்று யாரும் தூங்கப்போவதில்லை. புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் கலைவது உடலின் இயல்பு. பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு உறங்குபவர்களுக்கு மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட லேசாகவே உறங்குகிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினார்கள். ஒரு பாதி காவலுக்கு விழித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரயிலின் ஆட்டமும் ஓசையும் வேறு சேரும். தூக்கம் வரவில்லையே என்று கவலைப்படக் கவலைப்படத் தூக்கம் இன்னும் விலகும். கண்ணை மூடிப் படுத்திருந்தாலே போதும் என்று சொல்லி அனுப்புங்கள். மறுநாள் முற்பகலில் எந்த நிகழ்ச்சியும் வைக்கவில்லை.

ஓசைகளையும் சொல்லிவையுங்கள். வெயிலில் தண்டவாளம் நீள இடம் வேண்டும் என்பதற்காக இணைப்புகளில் சிறு இடைவெளி விடுவார்கள். சக்கரம் அதைக் கடக்கும்போது எழுவதுதான் 'தடக் தடக்' ஓசை. பற்றவைத்து நீளமாக்கிய தண்டவாளத்தில் அது அநேகமாகக் கேட்காது. ஆனால் தடம் மாறும் இடங்களில் பெட்டி குலுங்கும். எதிர்த்தடத்தில் ரயில் விரைந்து கடந்தால் ஜன்னல் அதிரும். இத்தனைக்கும் தூங்கும் பிள்ளைகூட, ரயில் சட்டென்று நின்று எல்லாம் அடங்கும்போது விழித்துக்கொள்ளும். வெளியே விளக்கில்லை, நிலையமும் இல்லை. ஏதோ ஆகிவிட்டது என்று மனம் பதறும். வேறொரு ரயிலுக்கு வழிவிடவோ, சிக்னலுக்காகக் காத்திருந்தோதான் பெரும்பாலும் அப்படி நிற்கிறது. சில நிமிடங்களில் ஒரு சிறு இழுப்போடு மீண்டும் நகரும்.

நான் இளம் ஆசிரியராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதேபோன்ற பயணத்தில் ஒரு மாணவன் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போனான். திரும்பி வந்தபோது மங்கிய வெளிச்சத்தில் எல்லாத் தடுப்புகளும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கின்றன. தன் படுக்கை எது என்று தெரியவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பவும் கூச்சம். விடியும்வரை கதவருகே நின்றுகொண்டே இருந்திருக்கிறான். நான் அங்கிருந்து பத்தடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையும் அடையாளம் தெரியும் நிறத்தில் ஒரு கைக்குட்டை கொண்டுவர வேண்டும் என்கிறேன். ஏறியதும் அதைத் தன் படுக்கையின் கம்பியில் கட்டிவிட வேண்டும். பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக ஓர் ஆசிரியர் இரவு முழுவதும் விழித்திருப்பார். கழிப்பறைக்குப் போகும் பிள்ளை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எந்த நேரத்தில் எழுப்பினாலும் எந்த ஆசிரியரும் கோபிக்கமாட்டார். இதை நீங்களும் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

நமக்குக் கிடைத்திருப்பது மூன்றடுக்குப் பெட்டிகள். மேல்படுக்கைக்குத்தான் போட்டி இருக்கும். அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது, இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும். நடுப்படுக்கை பகலில் கீழ் இருக்கையின் முதுகுச் சாய்மானம். ஒருவர் அதை விரித்துவிட்டால் கீழே யாரும் வசதியாக உட்கார முடியாது. எனவே ஒன்பதரை மணிக்கு எல்லா நடுப்படுக்கைகளையும் ஒன்றாக விரித்துவிடுவோம். பகலில் மேல்படுக்கையைக் கூரையோரம் மடித்து வைக்கும் பெட்டிகளை 1860-களிலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் ஓட்டினார். கீல்களும் சங்கிலிகளும் எப்படி எடையைத் தாங்குகின்றன என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் அறிவியல் ஆசிரியர். பயணத்தில் குமட்டல் வரும் பிள்ளைகளுக்குப் பெட்டியின் நடுப்பகுதியில் இடம் தருவோம். சக்கரங்களுக்கு நேர்மேலே ஆட்டம் அதிகம்.

இனி, பலரும் சொல்லத் தயங்கும் செய்தி. தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது, இருட்டைக் கண்டு அஞ்சுவது ஆகியவற்றில் ஏதேனும் உங்கள் பிள்ளைக்கு இருந்தால் எனக்குத் தெரிய வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. தூக்கத்தில் நடக்கும் பிள்ளைக்கு ஆசிரியருக்கு அடுத்த கீழ்ப்படுக்கை. நனைத்துவிடும் பிள்ளைக்கு, மற்றவர் அறியாமல் விரிப்பை மாற்ற ஆள் இருக்கும். மாதவிடாய் நாளாக இருக்கக்கூடும் என்றால் மாணவி எங்கள் ஆசிரியையிடம் நேரே சொல்லலாம். தேவையானவை அவரிடம் இருக்கும்.

இடையில் எந்த நிலையத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகள் இறங்கக்கூடாது. ரயில் ஓடும்போது கதவருகே நிற்கக்கூடாது. இந்த இரண்டிலும் விதிவிலக்கு இல்லை. இரவு உணவு எளிதாக இருக்கட்டும். தண்ணீர்ப் புட்டி படுக்கையில் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். காலையில் கழிப்பறைக்கு வரிசை நீளும், தண்ணீரும் தீர்ந்துபோகலாம். எனவே ஐந்தரைக்கே எழுப்பத் தொடங்குவோம்.

இரவில் பிள்ளையை அழைத்துப் பேச மனம் துடிக்கும். ஆனால் அந்த ஓர் அழைப்பு சுற்றியுள்ள எட்டுப் பேரை எழுப்பிவிடும். ரயில் புறப்பட்டதும் ஒன்று, விடிந்ததும் ஒன்று என வகுப்பாசிரியரிடமிருந்து உங்களுக்கு இரண்டு செய்திகள் வரும். அவசரமென்றால் என்னையே அழையுங்கள், எந்த நேரமானாலும்.

மருந்து விவரங்களையும் மேலே சொன்ன தனிப்பட்ட செய்திகளையும் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, வெள்ளிக்கிழமைக்குள் என் அறையில் நேரில் சேர்ப்பியுங்கள். அந்த உறைகளை நான் மட்டுமே பிரிப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்