பாலத்தைக் காட்டினீர்கள், சந்தையையும் காட்டுங்கள்

மேகாலயாவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு உங்களில் ஒருவரோடு ஷில்லாங் போய் வந்தவள் நான். எவர் என்று இங்கே எழுதவில்லை. ஊர் திரும்பிய பிறகு வேறு நாலைந்து பேருடைய பயணத் திட்டத்தையும் வாங்கிப் பார்த்தேன், எல்லாம் ஒரே அச்சாக இருந்தன. அதனால்தான் ஒருவருக்கு எழுத வேண்டியதை எல்லோருக்கும் எழுதுகிறேன். குவாஹாத்தியில் இறங்குகிறோம், வழியில் உமியம் ஏரி, ராத்திரி ஷில்லாங்கில் தங்கல். மறுநாள் சோரா என்கிற சிரபுஞ்சி, நோகலிகாய் அருவி. அப்புறம் மாவ்லின்னாங், டாவ்கி ஆற்றில் படகு, வேர்ப்பாலம். ஷில்லாங்குக்கு நேராக 'மாலையில் போலீஸ் பஜாரில் ஷாப்பிங்' என்று ஒரு வரி. அதே ஊரில் இருக்கும் இயூடு சந்தையின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

போலீஸ் பஜாரிலிருந்து இயூடு கூப்பிடு தூரம். கறுப்பு மஞ்சள் ஷேர் டாக்ஸியில் ஏறி 'படா பஜார்' என்றால் போதும், மொட் ஃப்ரான் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். மொட் ஃப்ரான் என்றால் பிரான்சுக் கல். முதல் உலகப் போரில் தொழிலாளர் படையாகக் கடல் கடந்து பிரான்சுக்குப் போன, இந்த மலையின் பழங்குடியான காஸி ஆண்களின் நினைவாக நட்டது. அதையும் யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே நுழைந்தால் சந்துக்குள் சந்தாகச் சரிந்து இறங்கும் பெரிய சந்தை. அதுதான் இயூடு. வடகிழக்கின் மிகப் பெரிய பழங்குடிச் சந்தைகளில் ஒன்று. அரசு நடத்துவதில்லை. ஹிமா மில்லியம் என்ற காஸி மக்களின் பழைய குறுநில ஆட்சி இருக்கிறதே, அதன் சியெம் என்ற தலைவரும் தர்பார் என்ற அவையும்தான் இன்றைக்கும் அதை நிர்வகிக்கிறார்கள். கடை போடுகிறவர்கள் அவர்களுக்குத்தான் வரி கட்டுகிறார்கள்.

இயூடு என்றால் கடைசிச் சந்தை. ஏன் கடைசி என்று கேட்டால் அவர்களுடைய வாரத்தைச் சொல்ல வேண்டும். காஸி மக்களின் பழைய வாரத்துக்கு எட்டு நாள். லிங்கா, நோங்க்ரெம், உம்யோங், ரங்கேப், ஷில்லாங், பம்தியா, உம்னி, இயூடு. எட்டும் சந்தைகளை ஒட்டி வந்த பெயர்கள். நம் பக்கத்தில் கிழமையால் சந்தைக்குப் பெயர் வரும்: செவ்வாய்ச் சந்தை, புதன் சந்தை என்போம். அவர்களுக்குச் சந்தையால் கிழமைக்குப் பெயர். எங்கே சந்தை கூடுகிறதோ அதுதான் அன்றைய நாள். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு மலை முழுக்கத் தன் காலத்தையே சந்தையை வைத்து எண்ணியிருக்கிறது, அந்த எண்ணிக்கையின் எட்டாவது இடத்துக்குப் பக்கத்தில் நான் மூன்று ராத்திரி தூங்கியிருக்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் காட்டிய வேர்ப்பாலத்துக்கு வருகிறேன். அதைக் காட்டியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், மனதார. அதன் மேல் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். 'இயற்கையின் அதிசயம்' என்றார் எங்களோடு வந்த வழிகாட்டி. அது இயற்கை மட்டுமா? ஓடைக் கரையில் அத்தி இனத்து மரத்தை நட்டு, பாக்கு மரத் தண்டைக் குடைந்து, அதற்குள் வேரை விட்டு, அக்கரை வரை இழுத்துக் கொண்டுபோய் ஊன்றுகிறார்கள். ஆள் நடக்கும் பலம் வரப் பல ஆண்டுகள் ஆகும். நட்டவர் நடக்காமலே போகலாம், பேரன் நடப்பான். இத்தனை பாடு எதற்கு? அந்தத் தெற்குச் சரிவில் உலகத்திலேயே அதிகமாகக் கொட்டும் மழையில் மூங்கில் பாலம் நிற்காது. மழைக்காலத்திலும் பாக்கும் வெற்றிலையும் ஆரஞ்சும் மலைச்சரிவுத் தோப்புகளிலிருந்து சந்தைக்குப் போயாக வேண்டும். பாலம் கட்டியது சுமை தூக்கிப் போகிறவருக்காக. அந்தச் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பதை நீங்கள் எங்களுக்குக் காட்டவில்லை.

ஒரு காலத்தில் அது கீழ்நோக்கித்தான் போனது. காஸி மலையின் தெற்கு அடிவாரத்தில் விரிவது சில்ஹெட் சமவெளி. ஆரஞ்சும் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் இறங்கிப்போய் அங்கே விற்றன, அரிசியும் உப்பும் மீனும் மேலே ஏறி வந்தன. 1947இல் சில்ஹெட் கிழக்குப் பாகிஸ்தானோடு போனது. தலைமுறை தலைமுறையாக நடந்துபோன சந்தைகள் வேற்று நாடாகிவிட்டன. இறங்கிக்கொண்டிருந்த சுமை அதற்குப் பிறகு மலையேற வேண்டியதாயிற்று. சோரா வழியாக ஷில்லாங்குக்கு, இயூடுவுக்கு. டாவ்கியில் படகில் உட்கார்ந்துகொண்டு 'அதோ பங்களாதேஷ்' என்று கை காட்டினீர்களே, அங்கேயே இந்த நாலு வரியையும் சொல்லியிருக்கலாம். கண்ணாடித் தண்ணீரைப் பார்த்த எங்களுக்கு அந்த எல்லைக்கோடு எவர் வயிற்றில் விழுந்தது என்று தெரிந்திருக்கும்.

நான் ஏன் இவ்வளவு படபடக்கிறேன் என்று நினைப்பீர்கள். என் அம்மா குளித்தலைப் பக்கம் வாரச்சந்தைகளில் வெற்றிலை விற்றவர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் கவுளி எண்ணிக் கட்டுவேன். சந்தை என்றால் என் கால் தானாக நடக்கும். அதனால் முதல் நாளே வழிகாட்டியிடம் இயூடு போகலாமா என்று கேட்டேன். "அங்க எதுக்கு மேடம், ஒரே சேறு, கறிக்கடை நாத்தம், நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்காது" என்றார். மறுபடி மறுபடி கேட்கவே, மூன்றாம் நாள் சாயங்காலம் இருபது நிமிடம் கொடுத்தார்.

அந்த இருபது நிமிடத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இருவர் ஒதுங்கிப் போகும் சந்தில் இருபத்திரண்டு பேர் கூட்டமாக நுழைந்தோம். முதுகில் கூம்புக் கூடை, அதைத் தாங்கும் பட்டை நெற்றியில், கூடை நிறைய உருளைக்கிழங்கு. இப்படிச் சுமை தூக்கி வந்தவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார், நாங்கள் நகரவில்லை. பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் எங்களில் ஒருவர் செல்போனை நீட்டினார். இன்னொருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "ச்சீ" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கத்தியைக் கீழே வைக்காமல் அப்படியே எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று வேலையைத் தொடர்ந்தார். என் அம்மாவை யாராவது அப்படிப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டும். விடிந்ததும் தனியாக எழுந்து போனேன்.

காலையில் அது வேறு ஊர். லாரிகளிலிருந்து இறங்கும் மூட்டைகள், வாழை இலை போலவே இருக்கும் லாமெட் இலைக் கட்டுகள், அதில்தான் கறியும் சோறும் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். ஒரு சந்து முழுக்கக் கருவாடு. ஒரு சந்தில் கத்தி, அரிவாள், மண்வெட்டி. சோஃப்லாங் என்ற வெள்ளைக் கிழங்கு, அதைத் தொட்டுத் தின்ன அரைத்த கறுப்பு எள் மாதிரி ஒன்று. புளிக்க வைத்த சோயா, அதன் பெயர் துங்ரிம்பாய், வாசனை பத்தடிக்கு முன்னாலேயே வந்துவிடும். ஜெயந்தியா மலையின் லகடாங் மஞ்சளை ஒரு சிட்டிகை உள்ளங்கையில் தேய்த்தேன், குவாஹாத்தி விமான நிலையத்தில் சோப்புப் போட்டும் போகவில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அதில் ஏழு சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்கிறார்கள். ஈரோட்டு மஞ்சளைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களை அந்த மஞ்சள் கடை முன்னால் அரை மணி நேரம் நிற்க வைத்தால் அவர்களே நகர மாட்டார்கள்.

பாக்குச் சந்தில் என் கால் நின்றுவிட்டது. கூடை கூடையாக வெற்றிலை, என் அம்மா அடுக்குவதைப் போலவே காம்பெல்லாம் ஒரு பக்கமாக. நம் கொடிக்காலில் வெற்றிலைக் கொடி அகத்தியில் ஏறும், அங்கே காட்டு மரங்களில் ஏறுகிறது, அதனால் இலை கொஞ்சம் தடிப்பு. கட்டம் போட்ட துணியைத் தோளில் முடிந்த ஒரு பெரியம்மா என் மூக்குத்தியைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். பலகையில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஈரப் பாக்கைக் கத்தியால் பிளந்து, தோல் சீவி, கட்டைவிரலால் இலையில் சுண்ணாம்பு தடவி மடித்து நீட்டினார். குவாய் என்கிறார்கள் அதை. காசு எடுத்தேன், கையைத் தள்ளிவிட்டார். வாயில் போட்ட ஒரு நிமிடத்தில் காது மடல் வரைக்கும் சூடு ஏறி நெற்றி வியர்த்தது, நம் கொட்டைப்பாக்கு அப்படிச் செய்யாது. பக்கத்துக் கடைக்காரப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் ஓடிப்போய்ப் பால் இல்லாத சிவப்புத் தேநீர் வாங்கி வந்தார். 'குப்ளேய்' என்ற ஒரே ஒரு சொல்தான் எனக்குத் தெரியும், வணக்கமும் அதுதான், நன்றியும் அதுதான். அதையே நாலு தடவை சொன்னேன்.

குவாய்க்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. பணக்கார நண்பன் ஏழை நண்பனைத் தேடி வருகிறான். வந்தவனுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை, கேட்டுப் பார்த்தும் அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை. அந்த வெட்கம் தாங்காமல் ஏழையும் அவன் மனைவியும் உயிரை விடுகிறார்கள், அதைக் கண்ட நண்பனும் உயிரை விடுகிறான். ராத்திரி திருட வந்து உள்ளே மாட்டிக்கொண்ட திருடனும் பழி தன் மேல் விழும் என்று அஞ்சிச் சாகிறான். அவர்கள்தான் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலையாக முளைத்தார்களாம், இனி எந்த ஏழையும் விருந்தாளி முன்னால் தலை குனிய வேண்டாம் என்று. இறந்தவரைச் சொல்லும்போது 'கடவுள் வாசலில் குவாய் மெல்கிறார்' என்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் அந்தப் பெரியம்மா எனக்குக் கொடுத்தார். முந்தைய நாள் மூக்கைப் பொத்திய கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இயூடுவுக்கு ஒரு முழுக் காலை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக வேண்டாம், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். இருபத்திரண்டு பேரையும் ஒன்றாக ஓட்டிப் போகாமல் ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவோடும் ஒரு காஸி ஆளை நல்ல சம்பளத்துக்கு அமர்த்துங்கள். போகும்முன் பஸ்ஸிலேயே பத்து நிமிடம் பேசுங்கள். பெண்களைக் 'கோங்' என்று கூப்பிட வேண்டும், நம் 'அக்கா' மாதிரி. ஆண்களை 'பாஹ்'. படம் எடுக்கும்முன் கேட்க வேண்டும், தலையசைத்தால்தான் எடுக்க வேண்டும். பின்னால் சுமைக்காரர் குரல் கேட்டால் சுவரோடு ஒட்டி வழி விட வேண்டும். கறிச் சந்து பார்க்க முடியாதவர்கள் வேறு சந்து வழியாகப் போகலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் அங்கே நின்றுகொண்டு முகம் சுளிக்கக் கூடாது. சைவக்காரர்களுக்குச் சிவப்புத் தேநீரும் புத்தாரோ என்ற அரிசி ரொட்டியும் இருக்கிறது. மஞ்சள், தேன், பிரிஞ்சி இலை எல்லாவற்றையும் அங்கேயே வாங்கட்டும், நீங்கள் கூட்டிப்போன கண்ணாடி போட்ட கடையில் வேண்டாம்.

இன்னொன்று. 'இங்கே பெண்கள் ராஜ்ஜியம்' என்று உங்கள் வழிகாட்டிகள் ஒலிபெருக்கியில் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குலம் தாய்வழியில் வருகிறது, கடைசி மகள்தான் பூர்வீக வீட்டைக் காக்கிறாள், கடையில் பெரும்பாலும் பெண்களே உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் உண்மை. ஆனால் தர்பாரில் காலங்காலமாக உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் ஆண்கள். சந்தையில் ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு, அந்தப் பெண்கள் எவ்வளவு பாரம் தூக்கி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது புரியும்.

வரும் நவம்பரில் என் அக்காவும் இரண்டு தோழிகளும் மேகாலயா போக வேண்டும் என்கிறார்கள். நானும் மறுபடி போகிறேன். உங்களில் எவருடைய திட்டத்தில் 'காலை: இயூடு' என்று இருக்கிறதோ அவருக்கு நாலு பேருடைய முன்பணம் தயார். பாக்குச் சந்தில் அந்தப் பெரியம்மாவுக்கு நான் கொண்டுபோக ஒரு கவுளி குளித்தலை வெற்றிலை எடுத்து வைத்துவிடுவேன், ஈரத்துணியில் சுற்றி.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி ஒருத்தி